ஓவனில் மீன்: கொடுவாவா சால்மனா, லெமனா கலமான்சியா?

ஓவனில் மீன் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது சால்மன் துண்டு, அதன்மேல் லெமன் (மஞ்சள் எலுமிச்சை) வட்டங்கள், பக்கத்தில் கொஞ்சம் டில் இலை. பேரங்காடியில் மூன்றையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம். வந்தோமா, தட்டில் வைத்தோமா, கால் மணி நேரத்தில் சாப்பிட்டோமா என்று வேலை முடிந்துவிடும். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சிங்கப்பூரில் இருந்துகொண்டு அந்த ஒரே சேர்க்கையோடு நின்றுவிட்டால் நட்டம் நமக்குத்தான். தேக்கா சந்தைக்குப் போனால் கொடுவாவும் வாவலும் இக்கான் மேராவும் பனிக்கட்டிமேல் கிடக்கின்றன. கொஞ்சம் தள்ளி நடந்தால் கறிவேப்பிலை, கொத்தமல்லி, எலுமிச்சைப் புல், கலமான்சி என்ற குட்டிப் புளிப்புக் காய், வாழையிலை. இவற்றில் எது எதோடு சேரும், எது சேராது என்று யோசித்துத்தான் இந்த அலசல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை விட்டு வந்து அவசரமாகச் சமைக்கும் நாளில் சால்மனும் லெமனும் நல்ல துணை. குடும்பத்தோடு உட்கார்ந்து சோறு சாப்பிடும் நாளில் முழுக் கொடுவாதான்: வயிற்றுக்குள் எலுமிச்சைப் புல், ஓவனைவிட்டு வந்தபின் கலமான்சிச் சாறு. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் தயங்காமல் கொடுவாவை வைத்துக்கொள்வேன்.

சாறு கடைசியில், தோல் முதலில்

எந்த மீன், எந்த இலை என்று பார்ப்பதற்கு முன் புளிப்பைப் பற்றித் தெளிவாகிவிட வேண்டும். ஓவன் மீன் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நம் வீடுகளில் மீன் கழுவும்போதே கல்லுப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பார்கள், சிலர் புளித்தண்ணீர் ஊற்றுவார்கள். காரணத்தோடுதான் செய்கிறார்கள். கடல்மீனின் சதையில் டிரைமெத்திலமைன் ஆக்சைடு என்ற பொருள் உண்டு. மீன் செத்தபிறகு நுண்ணுயிர்கள் அதை டிரைமெத்திலமைனாக மாற்றுகின்றன. மீன்வாடை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதனுடையது. அது காரத்தன்மை கொண்டது என்பதால் அமிலம் பட்டதும் உப்பாக மாறிவிடும். அப்புறம் அது ஆவியாகி மூக்கை எட்டாது. குளத்திலும் முகத்துவாரப் பண்ணையிலும் வளர்ந்த மீனில் சில சமயம் வரும் சேற்று வாடைக்கு ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருள் காரணம். அதையும் அமிலம் சிதைக்கும். ஆக, கழுவும்போது எலுமிச்சை தேய்ப்பது ஓவன் மீனுக்கும் அப்படியே பொருந்தும். தேய்த்து, கழுவி, துடைத்துவிட வேண்டும்.

சாற்றைப் பிழிந்து ஊறவைப்பது வேறு விஷயம். அமிலம் பட்ட மீன்சதை நெருப்பில்லாமலே வெளுத்து இறுகத் தொடங்கும். பெரு நாட்டில் செவிச்சே என்ற உணவை அடுப்பே மூட்டாமல் அப்படித்தான் செய்கிறார்கள். அப்படி இறுகிய சதையை மறுபடி 200 டிகிரி சூட்டில் வைத்தால் வாயில் மாவுமாதிரி உதிரும், சாரம் இருக்காது. கோழிக்கறியை ஊறவைப்பதுபோல் மீனையும் காலையிலேயே எலுமிச்சையில் போட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போகக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். என்னைக் கேட்டால் அதுகூட வேண்டாம். சாறு முழுவதும் கடைசியில்.

அப்படியானால் ஓவனுக்குள் என்ன போடுவது? தோல். எலுமிச்சை வகைகளின் மணமெல்லாம் தோலின் மேற்புறத்து எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. அதில் புளிப்பில்லை, சதையைக் கெடுக்காது. மஞ்சள் அல்லது பச்சைத் தோலை மட்டும் மெல்லிய நாடாவாகச் சீவி மீனின் வயிற்றுக்குள் வைத்தால் மணம் உள்ளிருந்து ஏறும். அதற்கடியில் உள்ள வெள்ளைப் பகுதிதான் கசக்கும். வட்டமாக நறுக்கிய எலுமிச்சையை மீன்மேல் அடுக்கி அரை மணி நேரம் வாட்டினால் அந்தக் கசப்பு முழுக்கச் சதையில் இறங்கிவிடும். படத்தில் பார்க்க அழகாக இருக்கிறதே என்று இதைச் செய்கிறவர்கள் ஏராளம்.

நான்கு பழங்கள்

லெமன், நம் எலுமிச்சை இரண்டின் சாற்றிலும் சிட்ரிக் அமிலம் ஏறத்தாழ 5 சதவீதம் இருக்கும். புளிப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. தோலில்தான் வித்தியாசம். லெமனின் தோல் தடிப்பானது, எண்ணெய் நிறைந்தது, சீவுவதும் எளிது. இறக்குமதிப் பழங்கள் பலவற்றில் மெழுகு பூசியிருப்பார்கள், வெந்நீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஓவனுக்குள் போகத் தகுதியான பழம் இதுதான். கடைகளில் கிடைக்கும் பச்சை எலுமிச்சைக்குத் தோல் மெல்லியது, சூடுபட்டால் சீக்கிரம் கசக்கும். சாறு வேண்டுமானால் எலுமிச்சை, தோல் வேண்டுமானால் லெமன் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம்.

கலமான்சி தனி ரகம். மலாயில் லிமாவ் கஸ்தூரி என்பார்கள். உணவங்காடி நிலையத்தில் மீ சியாம், மீ ரெபுஸ் வாங்கினால் தட்டோரத்தில் பாதியாய் வெட்டி வைத்திருப்பார்களே, அந்தக் குட்டிக் காய். வெளியே பச்சை, உள்ளே ஆரஞ்சு நிறம். மாண்டரின் ஆரஞ்சும் கும்குவாட் என்ற குட்டி ஆரஞ்சும் கலந்து பிறந்த இனம் என்பதால் புளிப்போடு ஆரஞ்சு வாசமும் சேர்ந்து வரும். எலுமிச்சைச் சாற்றில் இந்தப் பழவாசம் இல்லை. வெந்த வெள்ளை மீன்மேல் பிழிந்தால் புளிப்பு குத்தாது, மீனின் இயல்பான இனிப்பு மேலே வரும். கொடுவாவுக்கு இதைவிடப் பொருத்தமான சாறு எனக்குத் தெரியாது. ஆனால் இதை ஓவனுக்குள் வைக்கவே கூடாது. விதைகள் அதிகம், வெந்தால் கசக்கும். வடிகட்டியில் பிழிந்து, சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சும் மாண்டரினும் வெள்ளை மீனுக்கு ஒத்துவராது. அமிலம் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், சர்க்கரையோ அதிகம். கொடுவாமேல் ஊற்றினால் மீனா பழச்சாறா என்று நாக்கு குழம்பும். கொழுப்புள்ள சால்மனுக்கு மட்டும் இது நன்றாகப் பொருந்தும். சீனப் புத்தாண்டு முடிந்து எல்லா வீட்டிலும் மாண்டரின் தேங்கிக் கிடக்கும் நாள்களில், இரண்டு பழத்தின் சாற்றைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, மிளகாய்த் தூவலும் உப்பும் சேர்த்து சால்மன்மேல் பூசி வாட்டிப் பாருங்கள். ஓரங்களில் சர்க்கரை லேசாகக் கருகி, பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள்.

மீன்: கொடுவாவும் சால்மனும், மற்றவையும்

சால்மனின் பலம் அதன் கொழுப்பு. பண்ணைச் சால்மனில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் கொழுப்பு இருக்கும். அதனால் இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் மன்னித்துவிடும், வறண்டுபோகாது. முள் தொல்லை குறைவு. ஓவன் சமையலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது. அந்தக் கொழுப்பேதான் அதன் எல்லையும்: மணம் கனமானது, லேசான இலைகளை விழுங்கிவிடும். கறிவேப்பிலையை அதோடு சேர்த்தால் இரண்டும் தனித்தனியாகப் பேசும். லெமன், டில், மிளகு, கடுகு விழுது என்று அதற்கென்று ஒரு கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்திலேயே விட்டுவிடுவது சரி.

கொடுவாவை மலாயில் சியாக்காப் என்பார்கள். சந்தையில் சீனக் கடைக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னாலும் எடுத்துத் தருவார். ஜொகூர் நீரிணையில் மிதக்கும் பண்ணைகளில் இங்கேயே வளர்க்கும் மீன் இது. மலேசியாவிலிருந்தும் வருகிறது. சதை வெள்ளை, இதழ் பெரிது, சுவை மிதமானது. எந்த இலையைச் சேர்த்தாலும் அதன் மணத்தை வாங்கிக்கொள்ளும். நடு எலும்பைத் தாண்டினால் சில்லறை முள் அவ்வளவாக இல்லை. முழு மீனாக வாட்டும்போது தோலும் எலும்பும் சதையைக் காப்பதால் துண்டு மீனைவிட ஈரம் தங்கும். எலும்போடு வெந்த மீனுக்கு இருக்கும் ருசி மீன் குழம்பில் தலையைத் தேடும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வாங்கும்போது கண் பளிச்சென்று மேடாக இருக்கிறதா, செவுள் சிவப்பாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் பள்ளம் மேலெழும்புகிறதா என்று பாருங்கள். "வெட்டித் தரவா அக்கா?" என்று கேட்பார்கள். "வேணாம் அண்ணே, செதில், செவுள், குடல் மட்டும் எடுத்துடுங்க, தலை வாலோட முழுசா கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பழக்கத்தில் குழம்புத் துண்டாகப் போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை பல மீன்கடைகள் திறக்காது, அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். போகும் முன் வீட்டில் ஓவன் தட்டின் நீளத்தை அளந்துகொள்வது நல்லது. மேசை ஓவனுக்கு 500, 600 கிராம் மீன் சரியாக இருக்கும், அதுவும் குறுக்காக வைத்தால்தான் வால் கதவில் இடிக்காது. நாலு பேருக்கு அதில் இரண்டு வேண்டும். சமையலறையோடு பொருத்திய பெரிய ஓவன் என்றால் 1 கிலோ மீனே நுழையும்.

மற்ற மீன்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இக்கான் மேரா, அதாவது மீன்தலைக் கறிக்குப் போடும் சிவப்பு மீன், கொடுவாவுக்கு மாற்றாக நிற்கக்கூடியது. சதை கொஞ்சம் கெட்டி, அதனால் காரமான அரைப்புக்கும் ஈடுகொடுக்கும். வெள்ளை வாவல் தட்டையானது, கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஆனால் அதன் மென்மைக்கு ஆவியில் வேகவைப்பதே மரியாதை, சீனப் புத்தாண்டு நெருங்கும்போது விலையும் எகிறிவிடும். குராவ், நம்மவர்கள் காலா என்பது, குழந்தைகளின் கஞ்சிக்கு வாங்கும் மீன். துண்டாக வாட்டினால் அருமையாக இருக்கும், கைதான் கடிக்கும். வஞ்சிரத்தை ஓவனில் வைக்காதீர்கள். சதை இறுக்கம், சீக்கிரம் வறண்டுவிடும். அது தோசைக்கல்லுக்கும் குழம்புக்கும் உரியது. கானாங்கெளுத்தி எண்ணெய்ச் சத்துள்ள மீன், மலிவு, ஓவனில் நன்றாகவே வரும். ஆனால் அன்றே வாங்கி அன்றே சமைக்க வேண்டும், வழியெல்லாம் பனிக்கட்டியோடு வர வேண்டும். சூட்டில் கிடந்தால் அந்த வகை மீன்களில் ஹிஸ்டமின் உருவாகும். சமைத்தாலும் அது போகாது, உடம்பில் தடிப்பு வரும்.

இலைகள்

எனக்குப் பிடித்த பகுதி இது. இலைகளை இரண்டு இனமாகப் பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை: சூடு தாங்குபவை, தாங்காதவை. எலுமிச்சைப் புல், லிமாவ் புருட் (காஃபிர் எலுமிச்சை) இலை, கறிவேப்பிலை, தைம், ரோஸ்மேரி எல்லாம் தாங்கும். கொத்தமல்லி, புதினா, டில், தாய் பேசில் (தாய்லாந்துத் துளசி வகை) தாங்காது. முதல் கூட்டம் மீனோடு ஓவனுக்குள் போக வேண்டும், இரண்டாவது கூட்டம் மீன் வெளியே வந்தபின் மேலே விழ வேண்டும். கொத்தமல்லித் தழையை 20 நிமிடம் வாட்டினால் மிஞ்சுவது கருத்த நார்தான். அதன் தண்டும் வேரும் மட்டும் தாங்கும், அவற்றை நசுக்கி வயிற்றுக்குள் வைக்கலாம். வேரோடு கொத்தமல்லி வாங்குகிறவர்கள் வேரை நறுக்கிக் குப்பையில் போடாதீர்கள்.

எலுமிச்சைப் புல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லெமன் தோலுக்கு அந்த மணத்தைத் தருவதில் சிட்ரால் என்ற பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. எலுமிச்சைப் புல்லின் எண்ணெயில் பெரும்பகுதியே சிட்ரால்தான். அதாவது எலுமிச்சையின் மணம் இருக்கிறது, புளிப்பும் கசப்பும் இல்லை. தொடக்கத்திலிருந்தே மீனோடு எவ்வளவு நேரம் வெந்தாலும் சதை கெடாது. லெமன் வட்டங்களை அடுக்கி எதை அடைய நினைக்கிறோமோ அதை இது எந்தத் தொல்லையும் இல்லாமல் தந்துவிடுகிறது. அடித்தண்டின் வெள்ளைப் பகுதியை அம்மிக் குழவியாலோ கத்தியின் பின்பக்கத்தாலோ நன்றாக நசுக்கி வைக்க வேண்டும். நசுக்காமல் வைத்தால் வெறும் புல்.

லிமாவ் புருட் இலைக்கும் அதே பெருமை. தென்கிழக்காசியச் சமையலில் அதை விட்டால் ஆளில்லை. நார்த்தை இலையிலும் எலுமிச்சை இலையிலும் வேப்பிலைக்கட்டி இடித்துப் பழகிய நமக்கும் இந்த வாசம் அந்நியமில்லை. நடுநரம்பைக் கிழித்தெடுத்து, இலையைக் கசக்கி வையுங்கள். கேலாங் சிராய் சந்தையில் இது மட்டுமில்லாமல் மஞ்சள் இலையும் லக்சா இலையும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். லக்சா இலையில் மிளகு போன்ற ஓர் உறைப்பு உண்டு. மலாய்க்காரர்கள் அசாம் பெடாஸ் என்ற புளிப்பும் காரமுமான மீன் குழம்பில் போடுவது அதனால்தான். இக்கான் மேராவோடு நன்றாகச் சேரும், சால்மனோடு சேராது.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஏன் இவ்வளவு ஒத்துப்போகின்றன என்று யோசித்திருக்கிறீர்களா? தாவர வகைப்பாட்டில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம், ருட்டேசி. ஆனால் ஓவனின் வறண்ட சூட்டில் உலர்ந்த இலை கருகிவிடும். எண்ணெய் தடவி மீனுக்கு அடியில் வைக்க வேண்டும், அல்லது கடைசியில் தாளித்துக் கொட்ட வேண்டும். நான் தாளித்துக் கொட்டுகிற கட்சி.

இப்போது தைம். மேற்கத்தியச் செய்முறைகள் எல்லாவற்றிலும் வரும், சிறு பெட்டியில் நாலு குச்சியை வைத்து விற்கிறார்கள். அதற்குப் பதில் நம் வீட்டு வாசலிலேயே ஒன்று இருக்கிறது: கற்பூரவல்லி. சளி இருமலுக்கென்று எத்தனையோ வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் நடைபாதைத் தொட்டியில் தழைத்துக் கிடக்கும் அதே இலை. தைமுக்கும் ஓரிகானோவுக்கும் மணம் தரும் தைமால், கார்வக்ரால் என்ற பொருள்கள் கற்பூரவல்லியிலும் உண்டு. ஒரு மீனுக்கு இரண்டு மூன்று இலை போதும். பொடியாக நறுக்கி, பூண்டோடும் எண்ணெயோடும் கலந்து, மீனில் கீறிய இடங்களில் தேய்த்துவிட வேண்டும். அதிகம் போட்டால் கஷாய வாசம் வந்துவிடும். தொட்டி வைக்கும்போது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற தீயணைப்பு விதியை மட்டும் மீறாதீர்கள். கறிவேப்பிலைச் செடி, கற்பூரவல்லி, ஒரு தூர் எலுமிச்சைப் புல் மூன்றும் அந்த எல்லைக்குள் வளர்ந்துவிடும்.

ரோஸ்மேரி வேண்டாம். ஆட்டுக்கறிக்கு அது சரி, மீனை அமுக்கிவிடும். பண்டான் இலையின் இனிப்பு வாசம் புளிப்போடு சேராது. துளசியை மீனோடு சேர்க்கப் பல வீடுகளில் மனம் ஒப்பாது. அந்த இடத்துக்குத் தாய் பேசில் இருக்கவே இருக்கிறது.

மூடி வைப்பதா, திறந்து வாட்டுவதா

அலுமினியத் தாளில் சுற்றுவது எல்லாருக்கும் பழக்கமானது. ஆவி வெளியேறாது, மீன் வறளாது, கழுவும் வேலையும் மிச்சம். ஆனால் புளிப்பும் உப்பும் அலுமினியத்தோடு வினைபுரியும். சூட்டில் இன்னும் வேகமாக. எலுமிச்சை பட்ட இடத்தில் தாள் மங்கிப்போவதும், ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுவதும் அதனால்தான். உலோக வாடையும் ஏறும். அலுமினியம்தான் வேண்டும் என்றால் உள்ளே ஒரு பேக்கிங் தாள் போட்டுச் சுற்றுங்கள்.

பேக்கிங் தாள் மட்டும் போதும் என்பேன். துண்டு மீனுக்கு இதைவிடச் சுத்தமான முறை இல்லை. தாளை மடித்து, மீனையும் தோல் நாடாக்களையும் வைத்து, ஓரங்களைச் சுருட்டி மூடினால் மீன் தன் ஆவியிலேயே வேகும். பெட்டியில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாழையிலையில் மணமும் கிடைக்கும். கேரளத்துக் கரிமீன் பொள்ளிச்சது சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், இலை வாடி லேசாகக் கருகும்போது வரும் வாசம் எந்தத் தாளிலும் வராது. இலையை முதலில் நெருப்பில் காட்டி வாட்டினால்தான் மடிக்கும்போது கிழியாது. இந்த முறைக்குச் சின்ன வெங்காயம், மிளகாய், மஞ்சள், இஞ்சி அரைப்பு பொருந்தும். "மசாலா இல்லாத மீனா? பத்தியமா இருக்கே" என்று முகம் சுளிக்கும் வீட்டுப் பெரியவர்களைச் சமாதானப்படுத்த இதுவே வழி. இலை தடுப்பதால் ஐந்து நிமிடம் கூடுதலாக வேக வேண்டும்.

முழுக் கொடுவாவைத் திறந்துதான் வாட்டுவேன். தோல் மேலே முறுகி, உள்ளே ஈரமாக இருப்பது அப்படி மட்டுமே கிடைக்கும்.

ஏர்ஃபிரையரா ஓவனா என்றும் கேட்பார்கள். துண்டு மீனுக்கு ஏர்ஃபிரையர் வேகமானது, 180 டிகிரியில் 10 நிமிடத்தை ஒட்டி முடிந்துவிடும். ஆனால் காற்று வேகமாகச் சுழல்வதால் இலைகள் பறந்து சூட்டுக் கம்பியில் ஒட்டிக் கருகும். முழு மீனுக்கு இடமும் பற்றாது.

கொடுவாவைச் செய்யும் விதம்

ஓவனை 200 டிகிரிக்குச் சூடேற விட்டு, மீனை உள்ளும் புறமும் தாளால் ஒற்றித் துடையுங்கள். ஈரம் இருந்தால் தோல் முறுகாது, அவிந்துவிடும். இருபக்கமும் சாய்வாக மும்மூன்று கீறல், கத்தி எலும்பைத் தொடும் வரை. அரைத் தேக்கரண்டி மஞ்சள், ஒரு தேக்கரண்டி உப்பு, மிளகு, எண்ணெய், நறுக்கிய கற்பூரவல்லி, பூண்டு எல்லாவற்றையும் கலந்து கீறல்களுக்குள் விரலால் தேய்த்துவிட வேண்டும். வயிற்றுக்குள் நசுக்கிய எலுமிச்சைப் புல் இரண்டு, கொத்தமல்லி வேர், இஞ்சி வில்லை, லிமாவ் புருட் இலை, லெமன் தோல் நாடா. திணித்து அடைக்காதீர்கள், சூடு புகாமல் உள்பக்கம் வேகாது. மேசை ஓவனில் கம்பி மீனுக்கு மிக அருகில் இருக்கும். வாலையும் செட்டையையும் அலுமினியத் துண்டால் மூடினால் கருகாது.

600 கிராம் மீனுக்கு 20 முதல் 22 நிமிடம், 1 கிலோவுக்கு 30 நிமிடம். நேரத்தைவிடக் கண்ணை நம்புங்கள். தலைக்குப் பின்னால் முதுகின் தடித்த இடத்தில் சாப்ஸ்டிக்கைச் செருகி லேசாக நெம்பிப் பாருங்கள். சதை வெள்ளையாகி எலும்பைவிட்டு இதழாகப் பிரிந்தால் ஆயிற்று. எலும்போரம் கண்ணாடிபோல் மினுங்கினால் இன்னும் மூன்று நிமிடம். வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு 63 டிகிரி.

வெளியே எடுத்து ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். அதற்குள் ஆறேழு கலமான்சியைப் பிழிந்து, மெல்லிதாக நறுக்கிய சின்ன வெங்காயம், ஒரு சில்லி பாடி (குட்டிக் கார மிளகாய்), உப்பு, சிட்டிகைச் சர்க்கரை கலந்து மீன்மேல் ஊற்றுங்கள். கொத்தமல்லித் தழையும் புதினாவும் தாராளமாகத் தூவுங்கள். கடைசியாக இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகு வெடித்ததும் ஒரு கைப்பிடி கறிவேப்பிலை போட்டு, சடசடக்கும்போதே இலைகள்மேல் கொட்டுங்கள். கொத்தமல்லி சுருங்கி, புதினாவும் கலமான்சியும் கறிவேப்பிலையும் ஒரே நொடியில் எழும்பும். ஆவியில் வெந்த மீன்மேல் கொதிக்கும் எண்ணெய் ஊற்றும் கான்டனீஸ் முறைக்கும் நம் தாளிப்புக்கும் அதிக தூரமில்லை. சூடான சோறும் மிளகு ரசமும் இருந்தால் வேறு தொடுகறி வேண்டாம்.

சால்மனுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, துண்டுகளைப் பத்து நிமிடம் அதில் போட்டெடுங்கள். வேகும்போது மேலே வெள்ளையாகக் கசிந்து திரளும் புரதம் இதனால் வெகுவாகக் குறையும். துடைத்து, எண்ணெய், மிளகு, லெமன் தோல் துருவல் தடவி, பேக்கிங் தாளில் மூடி 180 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம். சாறும் டில்லும் எடுத்தபின். நடுப்பகுதி லேசாகக் கண்ணாடிபோல் இருப்பதைச் சிலர் விரும்புவார்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் சாப்பிடும் வீட்டில் முழுக்க வேகவிடுங்கள்.

மறுநாளைக்கு மிஞ்சினால் சால்மன் முந்திக்கொள்ளும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, சூடாக்காமலே உதிர்த்து, வெள்ளரிக்காயோடு ரொட்டிக்குள் வைத்துவிடலாம். கொடுவாவை மறுபடி சூடாக்கினால் சதை வறண்டுபோகும். அதன் சதையை உதிர்த்துப் புட்டாக்கிவிடுங்கள்: சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல் வதக்கி, அடுப்பை அணைத்தபின் மீனைச் சேர்த்துப் பிரட்டினால் போதும். தலையையும் நடு எலும்பையும் எறியாமல் இஞ்சியோடு 20 நிமிடம் கொதிக்கவிட்டு வடித்தால் மறுநாள் கஞ்சிக்குச் சாறு கிடைத்துவிடும். வயிற்றுக்குள் வைத்த லெமன் தோலை மட்டும் மறக்காமல் எடுத்துவிடுங்கள், கொதித்தால் கசக்கும்.